மூன்றாவது ஓட்டை

செவ்வாய், இரவு

செல்வத்துக்கு நான் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியைத் தொட்டதும் அவன் மகளுக்கு ஷாக் அடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள். அடையாற்றங்கரையிலிருந்து பிடுங்கி அவர்களை ஊருக்கு வெளியே அடைத்திருக்கும் அந்த அடுக்குமாடிக்கு ஓடினேன்.

உள்ளே ஒரு ஒயர் நசுங்கிப் பெட்டியில் பட்டிருந்தது. என் தவறுதான். ஆனால் பெட்டிக்கு எர்த் கொடுத்திருந்தேன். ஒயர் பட்டதுமே கரண்ட் எர்த் வழியாக இறங்கி ஃபியூஸ் போயிருக்க வேண்டும்; போகவில்லை. சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. மொத்த பிளாக்கிலும் அப்படித்தானாம். ஏழைக்கு ஓட்டை மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

“இத்த இனிமே போடாத மச்சி,” என்றேன்.

“சரி நைனா. ஃபிரிட்ஜு கீதே, அத்த இன்னா பண்றது?” என்றான் செல்வம்.

பெட்டியை மயிலாப்பூரில் என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். ஃபிரிட்ஜும் இரும்புதான்; எர்த் இல்லாமல் அங்கேயே இருக்கிறது. தாகமெடுத்தால் குழந்தை அதைத்தான் திறப்பாள்.