ஆட்சேபனை இல்லதானே

08.07.2025, செவ்வாய்

பின்னேர ஆங்கில வகுப்பில் இன்று 'டிஸ்அக்ரீ'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்றால் ஒரு வரியில் முடித்துவிடுவேன். இவர்கள் வேலைக்குப் போகிற பெரிய ஆட்கள், விடமாட்டார்கள். மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவருடைய கருத்து நமக்கு ஒத்துவராவிட்டால் டிஸ்அக்ரீ. ஒரே விபத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்தக் கதைகள் ஒன்றோடொன்று டிஸ்அக்ரீ. இறால் சாப்பிட்டு உடம்பு கடித்துத் தடித்தால் இறாலும் நம்மோடு டிஸ்அக்ரீ. இறாலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். "இது சண்டை பிடிக்கிற சொல் இல்லை. ஆளை மதித்துக்கொண்டே அவர் கருத்தை மறுக்கலாம்" என்று பெரிய மகாராணி மாதிரிச் சொன்னேன்.

துணிக்கடையில் வேலை செய்கிற றஸ்னா கேட்டாள்: "மிஸ், இதத் தமிழ்ல ஊட்ட எப்படிச் சொல்ற?"

யோசித்தேன். 'மறுக்கிறேன்' என்றால் நீதிமன்றம். 'உடன்பாடில்லை' என்றால் மேடை. வீட்டில் நாங்கள் சொல்வது "பாப்பம்". அல்லது "இன்ஷா அல்லாஹ்". அல்லது ஒன்றும் சொல்லாமல் எழும்பி அடுப்படிக்குப் போவது.

11.07, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஹமீட் மாமா வந்தார். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக் காரியமெல்லாம் உம்மாவின் கூடப்பிறந்த இந்தக் காக்கா சொல்கிறபடிதான். தங்கச்சி ஆகிலாவுக்கு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறதாம். நிந்தவூர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். எனக்கும் நல்லவராகத்தான் தெரிகிறது. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வீடு.

இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஆகிலாவுக்கென்று வாப்பா வாங்கிப்போட்ட வளவு கடலோரம். சுனாமிக்குப் பிறகு அங்கே கட்ட விடவில்லை. இருப்பது இந்த ஒரு வீடு. அது என் பேரில் இருக்கிறது. எனக்கு இருபது வயதில் வாப்பா எழுதித் தந்தது. இப்போது முப்பத்தாறு.

இதைக் கொடுத்தால், எனக்கு இனிக் கல்யாணம் இல்லை என்று நானே கையெழுத்து வைத்த மாதிரி. அது மாமாவுக்குத் தெரியும். உம்மாவுக்குத் தெரியும். தெருவில் மீன் கூவி விற்கிறவருக்கும் தெரியும்.

12.07, சனி

உம்மா ஒன்றும் கேட்கவில்லை. நண்டு ஆக்கியிருக்கிறா. பெரிய கால் எல்லாம் என் சோற்றுக் கோப்பையில்.

16.07, புதன்

"நுஸ்ஹா மகள், உனக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லதானே?"

மாமா கேட்டது இப்படித்தான். இது என்ன கேள்வி? பதிலையும் உள்ளே வைத்துக் கட்டித் தந்த பொதி. "பாப்பம் மாமா" என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

மாமா உம்மாவின் பக்கம் திரும்பி, "அல்ஹம்துலில்லாஹ், புள்ள ஓமெண்டுட்டா" என்றார். உம்மா கண்ணைத் துடைத்தா. நான் எழும்பி அடுப்படிக்குப் போனேன்.

17.07, வியாழன்

ஏன் வாயத் திறக்கல்ல? நாப்பது புள்ளைகளுக்கு முன்னால நிண்டு கத்துற வாய்தானே இது? இல்லையெண்டு ஒரு சொல். என்ன செய்திருப்பாங்க — அடிச்சா போடுவாங்க? மாமாட முகம் சுருங்கும். உம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டா. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்குத்தான் பயம்.

24.07, வியாழன்

ஆகிலா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "ராத்தா, உங்களுக்கு மனமில்லாட்டிச் சொல்லுங்க. நான் வேணாமெண்டு சொல்லிப்போடுறன்." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். அவள் நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பைத்தியமா உனக்கு?" என்று தலையில் குட்டினேன். சிரித்துக்கொண்டே போய்ப் போனை எடுத்தாள். அவருடன்தான் கதைத்திருப்பாள்.

05.08, செவ்வாய்

வீட்டை ஆகிலாவின் பேருக்கு எழுத நொத்தாரிசிடம் போகும்போது ஓட்டோவில் மனதுக்குள் 'ஐ டிஸ்அக்ரீ' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அழகாக வந்தது, வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களின் உச்சரிப்பு. தமிழில் சொல்லிப் பார்த்தேன். முதல் சொல்லோடு நின்றுவிட்டது.

நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தை வாசித்தார். 'சுயவிருப்பத்துடனும் எவருடைய வற்புறுத்தலுமின்றியும்.' பொய் என்றும் சொல்ல முடியாது. யார் என்னை வற்புறுத்தினார்கள்?

"விளங்கிச்சா டீச்சர்?"

"ஓம்."

கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

07.08, வியாழன்

றஸ்னா கடை முதலாளியிடம் 'டிஸ்அக்ரீ' சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை வேலை நேரத்தைப் பற்றி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். என் மாணவி!

14.09, ஞாயிறு

ஆகிலாவின் நிகாஹ் முடிந்தது. சாப்பாட்டில் குறையில்லை என்றார்கள். என் சாமான்கள் அடுப்படிக்குப் பக்கத்து அறைக்கு வந்தாகிவிட்டது. மாப்பிள்ளை மரியாதையான ஆள், நான் முற்றத்தில் நின்றால் செருமிவிட்டுத்தான் வருகிறார். அதனால் முக்காடு போட்டுக்கொண்டு நடக்கிறேன், என் வீட்டுக்குள்ளேயே. என் வீடு என்று எழுதிவிட்டேன். ஆகிலாவின் வீடு.

19.10, ஞாயிறு

சம்மாந்துறையிலிருந்து சபூறா என்றொரு மனுசி வந்தா. முன்பின் தெரியாது. அவவின் தம்பி ஷிப்லியும் ஆங்கில ஆசிரியர். மனைவி மௌத்தாகி மூன்று வருஷம், பிள்ளையில்லை. என்னைக் கேட்டு வந்திருக்கிறா. நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஷிப்லி சேரை எனக்குத் தெரியும். போன வருஷம் ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு ஒன்றில் நான் சொன்னதை மறுத்துக் கதைத்த ஒரே ஆள் அவர். மறுத்துவிட்டு, பேனையை மூடி வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். அப்படி எனக்காக யாரும் காத்திருந்ததில்லை.

"எங்களுக்கு ஊடு வளவு ஒண்டும் வேணாம். அவனுக்கு ஊடு இரிக்கி, புள்ளைய அங்க கூட்டிப்போய் வெச்சிருப்பான்" என்றா சபூறா.

தேத்தண்ணி நிரம்பி வழிந்த பிறகுதான் ஊற்றுவதை நிறுத்தினேன். வேண்டும் என்று இருந்தது எனக்கு. எதையும் இவ்வளவு வேண்டும் என்று நினைத்ததில்லை.

உம்மா சொன்னா: "கொமருப் புள்ளைய ஆம்புள ஊட்டுக்கு அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல கா. ஊடு குடுக்க வக்கில்லாமப் போயிட்டாங்களெண்டு ஊர் சிரிக்கும். புள்ளைக்கும் இதில விருப்பமில்ல."

விருப்பமில்லையாம். இத்தனை மாதம் என் வாயில் வராத சொல், என் பேரில் உம்மாவின் வாயால் வந்துவிட்டது.

தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். சபூறா உம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. "தங்கச்சி, நீங்க என்ன சொல்றீங்க? உங்கட வாயால சொல்லுங்க. எதுவெண்டாலும் பரவாயில்ல."

உம்மா சீனிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தா.

"உம்மா சொன்னதுதான்" என்றேன்.

சபூறா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு சலாம் சொல்லி எழும்பினா. நான்தான் போய் கேற்றைத் திறந்துவிட்டேன்.

என்னை யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை என்றுதான் இத்தனை நாளும் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்டார்கள்.