உள்ளே விடாத வாசலில் ஒரு படம்

12 ஒக்டோபர் 1986, ஞாயிறு இரவு

உணவகக் குசினியில் என்னோடு வேலை செய்யும் குகன் அண்ணையுடன் இரண்டு நாள் சுவிஸின் லுசேர்ன் நகரம் பார்த்தேன். மரப்பாலம், ஏரி எல்லாம் அழகுதான். நேற்று டிஸ்கோ வாசலில் எங்கள் நிறத்தைப் பார்த்தே மறித்துவிட்டார்கள். அவர்கள் தின்ற கோப்பையைக் கழுவ மட்டும் நாங்கள் வேண்டும்.

"விடாட்டிப் போறாங்கள். வாசலில நிண்டு சிரியடா, ஊருக்குப் படம் அனுப்புவம்" என்றார் அண்ணை.

மாட்டேன் என்றேன். கோடையில் பேர்னிலும் இப்படித்தான் வெளியே நின்று சிரித்து, அந்தப் படத்தை ஊரில் எனக்காகக் காத்திருந்த வசந்திக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது.

"அங்க சந்தோசமாய் இருக்கிறியள். இனி என்னைக் கூப்பிடமாட்டியள். வீட்டில பேசின கலியாணத்துக்கு ஓம் எண்டிட்டன். ஒக்டோபர் கடைசியில நாள் வைச்சிருக்கு."

உள்ளே விடவில்லை என்று அன்று எழுத வெட்கப்பட்டேன். இன்று எழுதினாலும் கடிதம் போய்ச்சேர மூன்று கிழமை. அதற்குள் தாலி ஏறிவிடும்.