வேகாத நாரா விதை

என் செல்ல மகள் லெனோராவுக்கு அம்மாவின் முத்தங்கள். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், அங்கே விண்ட்ஹோக்கில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறேன். இந்த வருஷமும் குய்செப் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, கடல் மூடுபனி மட்டும் விடியற்காலையில் வந்து போகிறது, ஆனாலும் மணல்மேட்டு நாரா முள்புதர்களில் பழத்துக்குக் குறைவில்லை. சிவப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, அப்பா ஒன்றுக்கு உன் பேரை வைத்திருக்கிறார், கோபித்துக்கொள்ளாதே.

உன் அத்தை எல்ஃப்ரீடாவுக்கு நீ ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்த சேதி ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாகத்தான் பெற்றவளுக்குத் தெரிந்தது. போன வருஷம் நீ சோதித்துப் பார்க்கக் கேட்டாய் என்று நாங்கள் இரண்டு பேரும் நாரா விதை அனுப்பினோமே, அதில் என் விதையில் ஒன்றும் இல்லையாம், அவள் விதையில்தான் தோல் அரிப்பையும் வீக்கத்தையும் தணிக்கிற ஏதோ சத்து இருக்கிற மாதிரி தெரிகிறதாம். பிறகு என்னிடமும் சொன்னாய், அதை நான் மறுக்கவில்லை, இப்போதைக்குக் கண்ணாடித் தட்டில்தான் பார்த்திருக்கிறீர்கள், மருந்தாக வர எத்தனையோ வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம், நான் வேகவைத்ததால்தான் அந்தச் சத்து கெட்டுப்போயிருக்கும் என்று. வேகவைக்காமல் எப்படியடி இருப்பேன், விதை அனுப்பு என்றால் பழத்தை டிரம்மில் போட்டுக் கொதிக்கவிட்டு, சதை குழைந்த பிறகு வடித்தெடுத்த விதையைத்தானே நம் ஜனம் விதை என்று சொல்லும்? உன் அத்தைக்கு விறகு பொறுக்கச் சோம்பல், பழத்தைப் பிளந்து விதையைப் பச்சையாகவே வெயிலில் காயப்போட்டுவிட்டாள். புகையில் கண் எரிய நின்றவள் நான், பேர் வாங்கினவள் அவள்.

போன ஞாயிறு ஜெபத்தில் போதகர் சகோதரி எல்ஃப்ரீடாவின் விதைகளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், ஆமென் என் வாயில் வரவில்லை. வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, லெனோரா விதை எடுக்க வர்றாளாம்ல, எங்க வீட்டுலயே தங்கட்டும், காயப்போட்ட எடத்துலயே இருந்து பாத்துக்குவா, உங்க வீட்டுல என்ன இருக்கு பாக்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சை அறுத்தது.

அதனால் இந்த வருஷம் நான் டிரம்முக்கு அடியில் நெருப்பே வைக்கவில்லை, சதைக் கூழைக் காயவைத்து அடை தட்டவும் இல்லை. அப்பா கத்துகிறார், "குளுருக்குத் திங்க நாரா அடை கெடையாதா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா" என்று. கத்தட்டும். பழத்தையெல்லாம் பிளந்து விதையைக் கையாலேயே பிரிக்கிறேன். பச்சைச் சாறு பட்டு விரலெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நேற்று எல்ஃப்ரீடா வந்து பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணி, கையில ஆட்டுக் கொழுப்பத் தடவிக்கிட்டுல்ல பிரிக்கணும், ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். அவளிடம் போய்க் கேட்பேனா நான்? சொன்னதோடு விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கவும் ஆரம்பித்தாள், நன்றாகத்தான் உரிக்கிறாள், ஆனால் அவள் கைபட்டதை வேறு சாக்கில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். உனக்கு வருவதில் என் கை மட்டும்தான் பட்டிருக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கும் முன் ஒரு சங்கீதமாவது வாசி, அந்த ஊர்க் குளிருக்குக் காலுறை இல்லாமல் தூங்காதே. வண்டியை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வா, கட்டிலுக்குப் புதுப் போர்வை விரித்துவைத்திருக்கிறேன், அத்தையை மறுநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உன் கைவேலையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஆய்வுக்கூடத்தில் என் விதையை முதலில் பார். இந்தத் தடவையும் அதில் ஒன்றும் இல்லையென்றால் அதை எனக்கு மட்டும் சொல்.

உன் அம்மா
மக்தலேனா