பாலத்துக்கு முன்னால் நின்ற வண்டி

அனுப்புநர்
மலைத்தடப் பேருந்து ஓட்டுநர்
(தங்கள் மையத்திலிருந்து நீக்கப்பட்ட பயிற்சி மாணவியின் தகப்பன்),
போக்குவரத்து ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
செயற்கைக்கோள் தொலையுணர்வு மற்றும் வானிலைப் பயிற்சி மையம்.

பொருள்: வெள்ள அபாயத்தைத் தன் குடும்பத்துக்கு மட்டும் தெரிவித்ததாக என் மகளை நீக்கிய ஆணை – விசாரணையில் வராத உண்மையைத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஆற்றுப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன அன்று என் மகள் தங்கள் மையத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேர இடைவெளியில் வந்த இரண்டு படங்களில், மலைக்கு மேலிருந்த மேகத்தின் உச்சி மளமளவென்று குளிர்ந்திருந்தது. மேகம் அசுர வேகத்தில் வளர்கிறது, பெருமழை கொட்டும் என்பது அதன் பொருளாம். உடனே பணியிலிருந்த அதிகாரியிடம் ஓடியிருக்கிறாள். அவர், "நீ படிக்க வந்திருக்கேம்மா, எச்சரிக்கை விட இல்ல. பயிற்சி நோட்டுல எழுதி வை" என்றாராம். எழுதினாள். பிற்பகல் இரண்டு இருபது என்று நேரமும் குறித்திருக்கிறாள். அந்த நோட்டு தங்கள் அலுவலகத்தில்தான் உள்ளது. விசாரணைக் குழு அதைக் கேட்கவே இல்லை.

2. அதன் பிறகே எனக்குப் போன் செய்தாள். வண்டியைப் பாலத்துக்கு நான்கு நிமிடத் தூரத்தில் ஓரங்கட்டினேன். என் வண்டியிலிருந்த நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள். போன் வந்ததைப் பயணி ஒருவர் குழுவிடம் சொன்னார். அதை வைத்தே என் மகளுக்குச் சுயநலக்காரி என்ற பெயர் வந்தது.

3. அவள் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, பாலத்தைத் தாண்டாதீங்க. பின்னால வர்ற வண்டிக்கும் சொல்லுங்க."

4. நான் சொல்லவில்லை. மேகம் கலைந்துபோனால், பீதி கிளப்பினாள் என்று அவள் படிப்புக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். பயணிகளிடம் என்ஜின் சூடாகிவிட்டது என்றேன். பின்னால் வந்த வண்டியின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார். பதினோரு வருடம் ஒரே தடத்தில் என்னோடு ஓட்டியவர். "ஆமாம்ப்பா, நீ போ" என்றேன். பாலத்தோடு போன அவர் வண்டியில் அவரோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.

5. விசாரணையில் என் மகள் இதைச் சொல்லவில்லை. தகப்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் பழியைத் தானே சுமந்துகொண்டாள். நானும் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த இரண்டு படங்களையும் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். நேற்று சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் அந்த ரூம்லயே கத்தியிருக்கணும்ப்பா" என்றாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

6. அம்மையீர், அந்த நோட்டை வரவழைத்துப் பாருங்கள். நீக்க ஆணையை ரத்து செய்து அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வந்தவர் சொன்னாலும் நின்று கேட்க ஒருவர் இருக்கும்படி செய்யுங்கள். என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கைக்கு நான் எங்கும் ஓடி ஒளிய மாட்டேன். என் நிர்வாகத்துக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தங்கள் நியாயத்தை நம்பி,
(கையொப்பம்)
ஓட்டுநர், மலைத்தடம்

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: நவம்பர் 14

நகல்: இறந்த ஓட்டுநரின் மனைவிக்கு. தபாலில் அனுப்பவில்லை, நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை நிற்பேன்.