உன் மாலைக்காக அப்பா ஊதும் நெருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன், இங்கே எல்லோரும் நலம் என்று அம்மா போன வாரம் எழுதியதில் பாதிதான் நிஜம். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லியிருப்பேன், அது அப்பாவின் தலைமாட்டிலேயே கிடக்கிறது, இந்த வீட்டில் முணுமுணுத்தாலே அடுத்த அறைக்குக் கேட்கும்.

உன் கல்யாணத்துக்கு அப்பா செய்கிற வலைப்பின்னல் தங்க மாலையைப் பற்றித்தான். நீ படம் அனுப்பிக் கேட்டாயே, அதே மாதிரி தலைமுடி போன்ற கம்பியில் குட்டிக் குட்டி வளையங்கள், ஒவ்வொன்றையும் மூட ஒரு பற்றவைப்பு. பகலில் கடைக்குக் கல் பதித்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் உன் மாலையை எடுக்கிறார். தீ ஆடக்கூடாது, தங்கத்தூள் பறக்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிடுவார், உனக்குத் தெரியாததா. அவர் பற்றவைக்கிற பொடியில் தங்கத்தோடு காட்மியம் கலந்திருக்கிறது, அதை உருக்கும்போது பழுப்பாகப் புகை வருகிறது. வேதியியல் டீச்சர் வகுப்பில் காட்மியத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடுமாம், ஊதும்போது ஒன்றும் தெரியாதாம், சில மணி நேரம் கழித்துச் சளிக்காய்ச்சல் மாதிரி வருமாம். அப்பா பொடி உருக்குகிற நாளெல்லாம் அப்படித்தான் அக்கா, ராத்திரி நடுங்குகிறார், இருமுகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதற்குச் சிரிக்கிறார். "நெருப்புக்கிட்டயே உக்காந்திருக்கிறவனுக்குக் குளிர்காய்ச்சல்னா ஊரே சிரிக்கும், போடி சுண்டெலி, போய்ப் படி" என்றார். டாக்டரிடமும் "தூசிங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அம்மா கெஞ்சியதால் துத்தநாகம் கலந்த பொடி வைத்தும் ஒருநாள் பார்த்தார். அது உருகுவதற்கு இன்னும் சூடு வேண்டும், அதற்குள் கம்பியே உருகி ஒரு சாண் பின்னல் மிளகு மாதிரி உருண்டுவிட்டது. மறுநாள் பழைய பொடிக்கே போய்விட்டார். ஜன்னலையாவது திறங்கள் என்றால் "உங்க அக்கா கழுத்துல கோணலா தொங்கணுமா?" என்கிறார். "அது கோணலா தொங்கட்டும், நீங்க முதல்ல நேரா நில்லுங்க" என்று அம்மா கத்தினாள். நேற்று அவர் நிற்கவில்லை அக்கா. பட்டறை அறையிலிருந்து வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். நான் ஓடிப் பிடித்தேன். உதட்டில் விரலை வைத்து அம்மாவிடம் சொல்லாதே என்று ஜாடை காட்டினார். பாதி மாலை இன்னும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பொடி உருக்கப்போகிறார்.

பொடியை ஒளித்துவைத்தால் வேறு செய்துகொள்வார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாலும் ரோஷம் வந்து இன்னும் வேகமாகச் செய்வார். அதனால் நீ ஒரு பொய் சொல்ல வேண்டும். வலைப்பின்னல் இப்போது பிடிக்கவில்லை, ஒரே கம்பியை வளைத்து, இரண்டு முனையும் சேராமல் கைக்கு ஒரு கெட்டிக் காப்பு போதும் என்று சொல். அதில் பற்றவைக்க ஓர் இடம்கூடக் கிடையாது. நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அழாமல் பேசு, கொஞ்சம் அலட்டலாகவே பேசு. அவர் கோபம் ஆறிய பிறகு டாக்டரிடம் புகையைப் பற்றிச் சொல்ல வைப்பதும் உன் பொறுப்பு, அதைத் தள்ளிப்போடாதே.

காலையில் பள்ளிக்குப் போகும்போது விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவேன், வியாழனுக்குள் உனக்கு வந்துவிடும். கிடைத்த உடனே கூப்பிடு, நான் எழுதியதாக மூச்சுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். வாழ்த்துச் சொல்ல எனக்கு வயதில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியூர் போய் ரசனையே கெட்டுப்போச்சு என்று அப்பா உன்னை ஒரு நாள் முழுக்கத் திட்டுவார். திட்டட்டும் அக்கா, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் பிரியமுள்ள,
சுண்டெலி