தபால் ஓடாத நான்கு நாட்கள்

நானா,

இன்று காலையும் தபால் முத்திரையில் தேதியை மாற்றி, முதல் குத்தைப் பதிவுப் புத்தகத்தில் குத்தினேன். விரலில் மை ஒட்டியது. அந்த மணம் வந்ததும் கவுண்டருக்கு அப்பால் நீங்கள் நிற்கிறீர்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். உங்களை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது, எனக்குத்தான் புத்தி வரவில்லை.

"காயிதம் ஒண்டும் வராத நாளிலயும் என்ன தங்கச்சி இந்தக் குத்து?" என்று கேலி செய்வீர்கள்.

"நாள் வந்திருக்குத்தானே நானா" என்பேன், கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

வள்ளத்துக்குள் சேரும் தண்ணீரை எஞ்சினே இறைத்து வெளியே ஊற்றும் பம்பை அக்கரையில் உங்கள் கிண்ணியாப் பட்டறையில் கண்டுபிடித்தீர்கள். காப்புரிமை கேட்டுக் கொழும்புக்கு எழுதினீர்கள். முழு விவரமும் படங்களும் குறித்த நாளுக்குள் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று பதில் வந்தது. பம்பைப் பார்த்துவிட்டுப் போன வியாபாரி ஒருவர் அதைத் தன் பெயரில் பதியக் காத்திருந்தார். நீங்களோ கோடு நேராக வரவில்லையென்று கடைசி வாரம் வரை படம் கீறிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வாரம்தான் புயல் வந்தது. பாதை மூடியது, தந்திக் கம்பி அறுந்தது, நான்கு நாள் தபால் பை போகவில்லை. பாதிக் கூரை இல்லாத தபால் கந்தோருக்குத் தினமும் வந்து, தேதியை மாற்றிக் குத்தி, பக்கத்தில் 'தபால் இல்லை' என்று எழுதிவைத்தேன்.

ஐந்தாம் நாள் உறையோடு வந்தீர்கள். தவணை முடிந்து இரண்டு நாள்.

"ரெண்டு நாளைக்கு முந்தின தேதியைக் குத்துங்க தங்கச்சி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஏலாது நானா."

"என்ட பத்து வருச உழைப்பு. உங்களுக்கு வெறும் ஒரு குத்து!"

உறையை எறிந்துவிட்டுப் போனீர்கள். நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு புத்தகத்தின் அந்த நான்கு நாட்களையும் பிரதி எழுதி, போஸ்ட்மாஸ்டரிடம் கையொப்பம் வாங்கி, உங்கள் உறையோடு சேர்த்து அன்றைய தேதியிலேயே அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் நீங்கள் என் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு மண்முட்டித் தயிரோடு வந்து நின்றீர்கள். தபால் ஓடாத நாட்கள் கணக்கில் இல்லை என்ற சட்டப்படி கொழும்பில் தவணையை நீட்டித் தந்திருந்தார்கள்.

"முன்தேதி குத்தியிருந்தா நான் பிடிபட்டிருப்பன். அந்த நாளில இங்கயிருந்து தபாலே போகல்லயெண்டு அவங்களுக்குத் தெரியும்" என்று தலையைச் சொறிந்தீர்கள். தயிர் ஒரே புளிப்பு. நான் சொல்லவில்லை.

உங்கள் மறைவுச் செய்தி வந்த அன்று கடல் கொந்தளித்து, கிண்ணியாப் படகு நின்றுவிட்டது. மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று உங்கள் மனைவியிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் இப்போது சுமந்து திரிகிறேன்.

"நேத்துப் படகு ஓடல்லதானே தங்கச்சி? அப்ப நீங்க பிந்தல்ல. அந்தச் சட்டம் அவருக்குத் தெரியும்."