சாயாத கேழ்வரகு

காலையில் மகளின் கஞ்சிக்காக முளைகட்டிய கேழ்வரகு மூட்டையை அவிழ்த்தேன். ஈரத்துணியிலிருந்து லேசான புளித்த வாடை வந்தது. அவ்வளவுதான், அடுப்பங்கரை எங்கோ போய்விட்டது. தொண்ணூறுகளில் நாம் சேர்ந்து வேலை பார்த்த விதை ஆய்வுக்கூடத்தில், முந்தானையைச் செருகிக்கொண்டு நீ நிற்கிறாய்.

கேழ்வரகு விதையை வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்து கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால், பயிர் குட்டையாகத் தடித்து வளரும், மழைக்குச் சாயாது, மகசூல் கூடும் என்று நீ நம்பினாய். இந்தப் போகமும் சாய்ந்தால் பரிசோதனையை நிறுத்திவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

விதையை ஊறவைத்து உலரப் பரப்பிய அன்று பார்த்துக் கரண்ட் போய், ஃபேன் நின்றுவிட்டது. ஈரவிதை முளைத்துவிடுமே என்று தட்டுகளோடு பஸ் ஏறினாய். நானும் என் வீடு இருந்த லிங்கராஜபுரத்தில் இறங்காமல் உன்னோடு மர்பி டவுனுக்கு வந்தேன். உன் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கடியில் பரப்பி முடிப்பதற்குள் உன் அம்மா முறத்தோடு வந்துவிட்டார்.

"யம்மா, அது மருந்து போட்டது. களி கிண்டிடாத."

"பின்ன எதுக்குடி நடுவூட்டுல காய வச்சிருக்க?"

பயிர் வளர்ந்ததும் பக்கத்து நிலத்துக்காரர் வந்து பார்த்து, "ஹுல்லு எல்லி, மேடம்?" என்று கன்னடத்தில் புல் எங்கே என்று கேட்டார். பயிர் குட்டையானால் மாட்டுக்குத் தின்ன ஏது தாள் என்பது அவர் கவலை. "அவரு மாட்டுக்கும் ஒரு சொட்டு குடுத்துக் குட்டையாக்கிடலாம்டி" என்று என் காதில் சொன்னாய்.

கதிர் முற்றும் நேரத்தில் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். ஒரு ராத்திரி முழுக்க அடைமழை. விடிந்ததும் நிலத்துக்கு ஓடினேன். மற்ற பாத்திகள் பாய் விரித்த மாதிரி கிடந்தன. உன் பாத்தி மட்டும் மூடுபனிக்குள் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு உன்னிடம் வந்தேன்.

"நிக்குதா?"

"நிக்குதுடி."

கதிரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய். "இத வெதச்சா மறுபடி நெட்டையாத்தான் வரும். மருந்து ஒரு போகத்துக்குத்தான். வெதைக்கு ஞாபகம் இருக்காது."

பரிசோதனை அடுத்த போகமும் நடந்தது. நீதான் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கதிரின் வழிவந்த விதையைத்தான் வருஷாவருஷம் மாடித் தொட்டியில் போடுகிறேன். நீ சொன்னபடியே நெடுநெடுவென்று வளர்ந்து முதல் மழைக்கே சாய்கிறது. மருந்தில் ஊறவைக்க எனக்குத் தெரியாதா என்ன? நீ இல்லாமல் அதைச் செய்ய மனசு வரவில்லை. மழை விட்டதும் மாடிக்குப் போய், ஒவ்வொரு தண்டாக நிமிர்த்திக் குச்சியில் கட்டுகிறேன்.

கட்டும்போதெல்லாம் நீ கேட்கிறாய், நிக்குதா என்று. நிக்குதுடி என்கிறேன்.